வீட்டில் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், யாராவது வருவார்கள், மூடி வைத்துவிடுவேன். யாரும் வராத நாளில் நானே ஏதாவது ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். பயம்தான் காரணம். சாமி காரியத்தில் ஒரு வார்த்தை பிசகிவிட்டால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். என் மகளைப் பற்றி ஊர் மறுபடி பேச ஆரம்பித்துவிடுமோ என்று இன்னொரு பயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் மகளிடமே கேட்டேன். "எழுதுங்கப்பா, நடந்ததத்தான எழுதப் போறீக" என்றாள். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு சின்னமனூருக்குத் தெற்கே ரோட்டை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் வாழை. நானும் என் சம்சாரமும்தான் வீட்டில் இருந்தோம். பெரியகுளம் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ஒரு நாள் பையோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்பதை எழுதப் போவதில்லை. அது அவளுடைய விஷயம். வந்த பிறகு அவள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய்க்குக்கூட அவள் அம்மாதான் போவாள். தெருவில் போகிறவர்கள் "எப்பம்மா ஊருக்குப் போற?" என்று கேட்பார்கள். தெரிந்துகொண்டே கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது.

அதற்குப் பிறகு அவளோடு கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி மூலமாக ஒரு வேலை வந்தது. கம்பெனி சென்னையில். வேலை வீட்டில். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு பண்ணியது கம்ப்யூட்டரில் வரும். இவள் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷில் அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் சில மாதம் பார்ப்பார்களாம். வேலை ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் இல்லை.

தேனியில் போய் கம்ப்யூட்டர் வாங்கி வந்தோம். அவள் வேலைக்கு உட்கார்ந்த இரண்டாவது வாரமோ என்னமோ, வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். காய்கறி வண்டிக்காரரிடம் மகள் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "இம்புட்டுச் சொத்தைய வச்சுக்கிட்டு இந்த விலை சொல்றீகளே அண்ணே" என்று சத்தமாகக் கேட்டாள். நான் உள்ளே போய் சாமி முன்னால் நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வேலை எங்களுக்கு என்ன என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கம்ப்யூட்டரை வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். நடுவீட்டில் ஈசானி மூலையில் சுவரில் எங்கள் சாமிப் பலகை. வீரபாண்டி கௌமாரியம்மன் படம், முருகன் படம், எங்கள் குலதெய்வக் கோயிலில் அள்ளி வந்த பிடிமண். இன்டர்நெட் வயர் தெருக் கம்பத்திலிருந்து அந்த மூலை ஜன்னல் வழியாகத்தான் வந்தது. பிளக் பாயிண்டும் அங்கேதான். அதனால் மேஜையைச் சாமிப் பலகைக்கு நேர் கீழே போட்டோம். "ஆத்தா காலடியிலேயே உக்காந்து வேலை பாக்கட்டும், இதைவிட என்ன வேணும்" என்று நான்தான் சொன்னேன். மேஜைக்குக் கீழே நிற்கிற அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தினமும் காலையில் மூன்று கோடு விபூதி இழுப்பேன். என் சம்சாரம் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் தேங்காய்ச் சிரட்டைக் கங்கில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவேன். அந்தப் பெட்டிக்கும் காட்டுவேன். நெல் மூட்டைக்கும் மோட்டாருக்கும் காட்டுகிறவன், சோறு போடுகிற பெட்டிக்குக் காட்ட மாட்டேனா?

வைகாசி கடைசியில் அது அணைய ஆரம்பித்தது.

சொல்லாமல் கொள்ளாமல் அணையும். திரை கறுப்பாகிவிடும். பெட்டிக்குள் ஓடுகிற காற்றாடிச் சத்தம் உய்யென்று இறங்கி நின்றுபோகும். மகள் அப்படியே கையை எழுத்துக் கட்டைகள்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவாள். மறுபடி போடுவாள். பெட்டி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்திருக்கும். சில நேரம் அடித்து வைத்ததில் பாதி இருக்காது. மறுபடி காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்பாள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பம்புசெட் ஓடாவிட்டால் உதைக்கிற ஆள் நான். பெட்டி அணைந்த சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவந்து அதன் தலையில் ரெண்டு போடுவேன். சில நேரம் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன்.

"ஏங்க, மாட்டை அடிக்கிற மாதிரியா அதைப் போட்டு அடிப்பீக?" என்பாள் சம்சாரம். "மாடாவது திரும்பி ஒரு உதை குடுக்கும். இது என்ன செய்யும் பாவம், அணைஞ்சு போகும்."

"நீ சும்மா இருடி. பிள்ளை எம்புட்டு நேரமா அடிச்சது போச்சு."

"நீங்க அடிச்சா போனது வருமா? வந்தாச் சொல்லுங்க, நானும் ரெண்டு போடுறேன்."

மகள் சிரிக்க மாட்டாள். "அப்பா, தட்டாதீக. உள்ள ஏதும் உடஞ்சிரும்" என்று மட்டும் சொல்வாள்.

பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தேனிக்குப் போனேன். கடையில் அதைப் போட்டு வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியது. ஒரு தடவைகூட அணையவில்லை. கடைப் பையன்கள் அதில் பாட்டுப் போட்டுக் கேட்டார்கள். "நல்லாத்தான அண்ணே ஓடுது" என்றார்கள். நன்றாக ஓடுகிறதை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும் என்று அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாகக் கொண்டுவந்து மாட்டினோம். மறுநாள் மத்தியானத்துக்குள் அணைந்துவிட்டது.

திரும்பவும் துண்டு, திரும்பவும் மடி, திரும்பவும் பஸ். அங்கே திரும்பவும் ஓடியது. இந்தத் தடவை கடைக்காரர், "உங்க வீட்டுக் கரண்ட் சரியில்லண்ணே" என்றார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டு மூடினோம். கரண்ட் போனால் கைகொடுக்கிற பேட்டரிப் பெட்டியை மாற்றினோம். அணைந்தது. மூன்றாவது தடவை கடையில், வைரஸ் இருக்கலாம் என்று உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். மகள் கம்பெனி வேலைக்காகப் போட்டு வைத்திருந்த எல்லாம் போய்விட்டது. அதைத் திரும்பப் போட அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. போட்டு முடித்த மறுநாள் அணைந்தது.

அந்த பஸ் பயணங்களை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை வலிக்கிறது. கூட்டத்தில் பெட்டியின் மேல் யாரும் சாய்ந்துவிடாமல் குனிந்து அணைத்தபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி, "என்னண்ணே, சாமிப் பெட்டியா?" என்று கேட்டாள். துண்டு விலகித் தெரிந்த விபூதிப் பட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். இல்லையென்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அவள் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஆடி பிறக்கப் போகிற சமயம். என் மச்சான் வந்திருந்தார், சம்சாரத்தின் அண்ணன். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, கடையில ஓடுதுங்கிறீக."

"ஆமா மச்சான்."

"இங்கன வந்தா அணையுதுங்கிறீக."

"ஆமா."

"அப்ப கோளாறு பெட்டியிலயா இருக்கு? வீட்டுலல்ல இருக்கு. பிள்ளை திரும்பி வந்த வீடு. யாரு கண்ணு பட்டுச்சோ."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வெளியே நன்றாக இருக்கிற ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் அணைகிறதென்றால், வீட்டில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். கரண்ட் கோளாறு என்று கடைக்காரர் சொன்னது புரியாதவனுக்கு இது நன்றாகவே புரிந்தது.

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி என்ற கணக்கு இல்லை. தினமும் காலையும் சாயங்காலமும் புகை. சாம்பிராணியோடு காய்ந்த வேப்பிலை, வெண்கடுகு, மருதாணி விதை. மச்சான் சொன்னது, கோயில் அர்ச்சகர் சொன்னது, பஸ்ஸில் யாரோ சொன்னது எல்லாம் சேர்ந்துகொண்டது. தூபக்காலை எடுத்துக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவேன். பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அங்கே புகை போய் நுழைவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற பீடை ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். கோயில் கோயிலாகப் போய் வாங்கி வந்த விபூதியை மேலே தூவினேன்.

ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வந்தால் வாழையைப் படுக்கப் போட்டுவிட்டுத்தான் போகும். தெரு மண் முழுக்க வீட்டுக்குள் வரும். கம்ப்யூட்டருக்கு மண் ஆகாது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லா ஜன்னலையும் இறுக்கி அடைத்து, இடுக்கில் துணியைத் திணித்தேன். மண் வரவில்லை. புகையும் வெளியே போகவில்லை.

"தட்டுல இருக்கிறது சோறா கூழான்னு தெரியல" என்பாள் சம்சாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "பீடை ஓடுதோ இல்லையோ, நாங்க ஓடிருவோம் போல இருக்கு."

மகள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். இருமுவாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புகை கூடக்கூட பெட்டி அடிக்கடி அணைந்தது. அணைய அணைய நான் புகையைக் கூட்டினேன்.

ஒரு நாள் கம்பெனி அம்மா போனில் பேசினார்கள். மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். "உங்க வேலை சுத்தமா இருக்குமா. தப்பே இல்ல. ஆனா பாதியில காணாமப் போயிடுறீங்க. நான் மேல பதில் சொல்ல வேண்டியிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம். அதுக்கப்புறம் என் கையில இல்ல" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் போனை வைத்துவிட்டு, "சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீரபாண்டிக்குப் போனேன். ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்றேன். பிள்ளைக்கு அந்த வேலை நிலைத்துவிட்டால் சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. "தாயே, எனக்கு அசதியா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்து மகள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கத்தவும் தெம்பில்லை, தட்டவும் தெம்பில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியையும் அடித்து முடித்ததும் இடது கையால் ரெண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினாள்.

"அது என்னத்தா, வரிக்கு வரி அமுக்குற?"

"அதுவரைக்கும் அடிச்சது பத்திரமாயிரும்ப்பா. அணைஞ்சாலும் இந்த வரி போகாது."

"எப்ப இருந்து இப்படிப் பண்ற?"

"அணைய ஆரம்பிச்ச மொத வாரத்துல இருந்து. அப்பயும் செல நேரம் மறந்துரும்."

நான் பெட்டியை அடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் இப்படி வரிக்கு வரி கட்டிக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காததால் எனக்குத் தெரியவில்லை. அன்று அணைந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. அவள் முகம் கழுவப் போனாள். நானும் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மாதம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒரு தம்பி சென்னையிலிருந்து பேசினார். அங்கே உட்கார்ந்தபடியே இங்கே திரையைப் பார்த்தார். அம்பு தானாக ஓடியது.

"மேடம், உங்க பெட்டி கொதிக்குது. அதிகமா சூடானா தன்னைக் காப்பாத்திக்க அதுவே அணைஞ்சுக்கும். பக்கத்துல யாராவது இருக்காங்களா? சைடு மூடியைக் கழட்டிப் பாக்கணும்."

"அப்பா இருக்காக."

"சார், கரண்ட்டை நிறுத்திட்டு, பின்னால இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டுங்க. அவசரமே இல்ல. மெதுவா."

மருந்தடிக்கிற மோட்டாருக்கு வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன். பெட்டியைத் தரையில் படுக்க வைத்தேன். மகள் போனைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தாள். சம்சாரம் பின்னால் நின்றாள். மூடியை இழுத்தேன்.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சாம்பிராணி. ஒரு வெள்ளிக்கிழமையைத் திறந்த மாதிரி வாசம் குப்பென்று வந்தது. உள்ளே காற்றாடி இருந்த இடத்தில் காற்றாடி தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் பிசுக்கோடு கம்பளி மாதிரி ஒன்று அப்பிக் கிடந்தது. விரலால் தொட்டேன். ஒட்டியது. அதன் மேலே வெள்ளை வெள்ளையாக விபூதி. ஓரத்தில் கருகாத வெண்கடுகு ரெண்டு கிடந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"உள்ள என்ன தெரியுது?"

"தூசி" என்றேன்.

"என்ன தூசி சார்? மண்ணா? உங்க ஊர்ல காத்து ஜாஸ்தின்னு மேடம் சொன்னாங்க."

சம்சாரம் குனிந்து போன் பக்கம் சொன்னாள்: "மண்ணு இல்ல தம்பி. எல்லாக் கோயில் பிரசாதமும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒங்களுக்கு எந்த ஊருது வேணும்?"

அந்தப் பக்கம் அந்தத் தம்பி சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கேலி பண்ணவில்லை. எங்கள் வீட்டிலும் அம்மா புகை போடுவார்கள், ஆனால் இவ்வளவு இல்லை என்று மட்டும் சொன்னார். காய்ந்த பிரஷ்ஷை எடுங்கள், காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தகடுகளுக்கு நடுவில் இருக்கிறதை மெதுவாகக் கிளறுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயின்ட் அடிக்கிற சின்னப் பிரஷ்ஷால் தள்ளத் தள்ள அடையடையாக வந்தது. ஈரத்துணி வைக்கக் கூடாது, ஊதக் கூடாது. என் கை அவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்து நான் அறிந்ததில்லை.

வந்த சாம்பலைப் பெருக்கித் தள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அதில் விபூதி இருக்கிறதே. சம்சாரம் ஒரு பேப்பரில் வாரி எடுத்து, கால் படாத இடமாகப் பார்த்துக் கொல்லையில் அரளிச் செடி மூட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

மூடியை மாட்டியதும் பெட்டி ஓடிய சத்தமே வேறாக இருந்தது. காதுக்குத் தெரியாத அளவு மெல்லிய சத்தம். கடையில் மட்டும் ஏன் ஓடியது என்று கேட்டதற்கு, அங்கே காற்றோட்டம் இருந்திருக்கும், பாட்டு மட்டும் போட்டால் பெட்டிக்கு வேலையும் குறைவு, அதனால் சூடாகியிருக்காது என்றார் அந்தத் தம்பி. அன்று முழுக்க அணையவில்லை.

சாயங்காலம் மகளிடம் கேட்டேன். "ஏத்தா, ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"பெட்டி சூடாகுறப்ப அதுக்குப் பின்னால இருந்து சாம்பிராணி வாசம் வரும்ப்பா. சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எனக்காகத்தான செஞ்சீக. சாமிக்குப் புகை காட்டாதீகன்னு நான் எப்படி வாய் திறந்து சொல்லுவேன். இந்த வீட்டுக்கு நான் திரும்பி வந்ததே…" அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "நான் சொன்னேன்ல, கண்ணு எரியுதுன்னு. என் பேச்சை யாரு கேக்குறா இந்த வீட்டுல" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் அழுதிருப்பேன்.

அடுத்த கேள்வி, எதை நகர்த்துவது என்பது. மேஜையை நகர்த்தினால் இருக்கிறது ஒரே ஒரு அறை. உர மூட்டையும் பூச்சி மருந்தும் வைக்கிற அறை. "நான் அங்கன போயிருறேன்ப்பா" என்றாள் மகள். அந்த அறையில் ஒரு மணி நேரம் நின்றால் எனக்கே தலை சுற்றும். சாமியை ஈசானி மூலையிலிருந்து நகர்த்த எனக்குத் துணிவு இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. சிரட்டையைப் பற்ற வைத்துக் கங்கு ஆனதும் தூபக்காலை எடுத்தேன். பழக்கத்தில் கால் உள்ளே போகப் பார்த்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"தாயே, இங்கன நின்னே காட்டுறேன். நீ அங்கன இருந்தே வாங்கிக்க" என்று சொல்லி வாசல்படியில் நின்று காட்டினேன். பிறகு கொல்லைக்குப் போய்க் காட்டினேன். உள்ளே விளக்கு மட்டும். பெட்டிக்குச் சின்னதாக ஒரு குங்குமம், ஓட்டை இல்லாத பக்கமாக. அன்று கை ரொம்பக் காலியாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. அம்மன் குறை ஒன்றும் வைக்கவில்லை.

மாதக் கடைசி நாள் பதினொரு மணிக்குக் கம்பெனி அம்மா திரையில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில்தான் முடிவு சொல்வார்கள். மகள் குளித்து நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பத்தரை இருக்கும். திரை தானாக நீல நிறமாக மாறியது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னத்தா இது?"

"புதுசா எதையோ ஏத்திக்குதுப்பா. முடியுற வரைக்கும் அணைக்காதீகன்னு போட்டிருக்கு."

"யாரு இப்ப ஏத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதுவா ஏத்திக்கும்."

எண் மெதுவாக ஏறியது. பாதி வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. என் கண் பிளக்கின் மேலேயே இருந்தது. பிடுங்கிச் சொருகினால் எழுந்துவிடும் என்று கை சொல்லியது. என் கையைப் பற்றி என் சம்சாரத்துக்குத் தெரியும்.

"ஏங்க, கையை மடியில வைங்க" என்றாள்.

வைத்தேன். மூன்று பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் மந்திரம்கூடச் சொல்லவில்லை. தோன்றவில்லை. மகள் போனில் கம்பெனி அம்மாவைக் கூப்பிட்டாள். "மேடம், அப்டேட் ஓடுது. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கும் போன வாரம் இதே கதைதான். முடிஞ்சதும் வாங்க, இருக்கேன்" என்று சத்தம் வந்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். எண் மறுபடி நகர்ந்தது. திரை கறுத்து, பிறகு வெளுத்து வந்தது. மகள் காதில் மாட்டிக்கொண்டாள். நானும் சம்சாரமும் சத்தம் போடாமல் கொல்லைக்குப் போய் நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். "எடுத்துக்கிட்டாகப்பா" என்றாள். குரல் உயரவில்லை. அவள் அம்மா அவள் தலையைத் தொட்டாள். யாரும் ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. அன்று மத்தியானம் மகள் சாப்பிடாமல்கூடப் படுத்துத் தூங்கிவிட்டாள். நாங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்துவிட்டோம். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

இப்போதும் அவள் அதே மேஜையில்தான் வேலை பார்க்கிறாள். பெட்டி வேறு. கோளாறும் வேறு வேறாக வந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றடித்தால் இன்டர்நெட் போகும். எழுத்துக் கட்டை ஒன்று அமுங்காது. போட்ட கடவுச்சொல்லைத் தப்பு என்று சொல்லும். நான் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன், ஒன்றும் செய்ய மாட்டேன். பொறுமை என்று பெரியவர்கள் சொல்வது இதுதானா என்று எனக்குத் தெரியாது. அசந்துபோன மனுசன் கையை மடியில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். அதற்கே இந்த வயதாகிவிட்டது.

நேர்ந்தபடி சித்திரையில் வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்தேன். இறக்கி வைத்துவிட்டு மோர்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். சின்னமனூர்ப் பக்கம் ஒருத்தர் வீட்டில் கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம், தீச்சட்டி நேர்ந்து முடித்து வீட்டுக்கு வந்தால் தானாக ஓடிக்கொண்டிருந்ததாம், திரையில் அம்மன் முகம் தெரிந்ததாம். நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு நாள் எங்கள் ஊர் டீக்கடையில் வேறு மாதிரிக் கேட்டேன். சாமி சாமி என்று புகை போட்டே ஒரு கிறுக்கன் மகள் வேலையைக் கெடுக்கப் பார்த்தானாம், அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாமியே கும்பிடுவதில்லையாம்.

இரண்டிலும் என் மகள் பட்ட பாடு இல்லை. வரிக்கு வரி கட்டிக் காப்பாற்றியவளை இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

அதற்காகத்தான் கடைசியில் இதை எழுதினேன். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் இப்படிப் பெட்டி வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது திரையில் அம்மன் முகத்தைச் சேர்க்க வேண்டாம். வாசலில் நின்று நான் காட்டுகிற புகையை எடுத்துவிடவும் வேண்டாம். என் சம்சாரம் பேசியதை அவள் பேசியபடியே விட்டுவிடுங்கள். மகள் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததை மறக்காமல் சொல்லுங்கள். நடந்தது இவ்வளவுதான்.